பத்தாவது பெட்டியில் வழுக்கும் என்ஜின்

சமதளத்தில் இருபது பெட்டிகளை அலட்சியமாக இழுத்துப்போகும் மாதிரி ரயில் என்ஜின், சின்ன ஏற்றம் ஒன்று வந்ததும் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும். பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வது, "மோட்டாருக்கு பவர் பத்தலை." ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? மோட்டாரிடம் சக்தி இருக்கிறது. சக்கரத்துக்குத்தான் தண்டவாளத்தில் பிடி இல்லை.

பிடியைத் தீர்மானிப்பவை இரண்டு: மோட்டார் சுழற்றும் சக்கரங்களை அழுத்தும் எடை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள உராய்வு. உலோகத்தின் மேல் உலோகம் என்றால், எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசையாகக் கிடைக்கும். நிஜ ரயிலுக்கும் இதே கதைதான். மழையில் வழுக்கினால் டிரைவர் தண்டவாளத்தில் மணல் தூவுவார். நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற வேண்டியிருப்பதால், உராய்வை நம்பாமல் நடுவில் பல் தண்டவாளமே போட்டுவிட்டார்கள்.

மாதிரி ரயிலில் எடை எங்கே போகிறது என்று பாருங்கள். ஹெச்.ஓ. அளவு என்றால் 87-ல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு சுருங்குவதால், எடை 6,58,503 மடங்கு குறைகிறது. நம் ஊர் எக்ஸ்பிரஸ்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 என்ஜின் 123 டன்; அந்தக் கணக்கில் மாதிரி வெறும் 187 கிராம். ஒரு தம்ளர் தண்ணீர் அளவுகூட இல்லை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் உள்ளே துத்தநாகக் கலவைக் கட்டியை வைத்துக் கனமாக்குகிறார்கள்.

400 கிராம் என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சக்கரமும் மோட்டார் சுழற்றுபவை. இழுவிசை சுமார் 80 கிராம். பெட்டி ஒவ்வொன்றும் 150 கிராம், உருளும்போது எடையில் 2 சதவீதம் தடை, அதாவது 3 கிராம். சமதளத்தில் 26 பெட்டி வரும். இப்போது மீட்டருக்கு 3 செ.மீ. ஏற்றம். ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதலாக 4.5 கிராம் இழுவை தேவை. என்ஜின் தன்னையே தூக்கிக்கொள்ள 12 கிராம். மிச்சம் 68 கிராமை 7.5-ஆல் வகுத்தால் ஒன்பது. பத்தாவது பெட்டியை மாட்டினால் சக்கரம் வழுக்கும். பார்வைக்குத் தெரியாத ஏற்றம், ரயிலை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டது.

சரி, 100 கிராம் எடை கூட்டுவோம். அதே ஏற்றத்தில் பதினொரு பெட்டி வரும். எடையைத் தொடாமல் பெட்டிகளின் உருளும் தடையை 2-லிருந்து 1 சதவீதமாகக் குறைத்தால்? அதே பதினொன்று. என்னைக் கேட்டால், முதலில் என்ஜினைத் திறக்காதீர்கள், பெட்டிகளைப் பாருங்கள். ஒரு பலகையில் பெட்டியை வைத்து மெல்லச் சாயுங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. சாய்விலேயே தானாக உருண்டால் தடை ஒரு சதவீதம்தான். 3 செ.மீ. வரை அடம்பிடிக்கும் பெட்டியில் அச்சின் கூர்முனையில் தலைமுடியோ கம்பளி நூலோ சுற்றியிருக்கும். எனக்கு அனேகமாக முடிதான் கிடைக்கிறது.

எடை கூட்டுவது என்றால் இடமும் முக்கியம். நம்முடைய பழைய டபிள்யூ.பி. நீராவி என்ஜின் மாதிரி, முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு என்று இருந்தால், இழுப்பவை நடுவில் உள்ள ஆறு மட்டுமே. குறுக்கே ஒரு பென்சிலை வைத்து என்ஜினை அதன் மேல் நிறுத்திப் பாருங்கள். நடுப் பெரிய சக்கரத்துக்கு மேலே சமநிலை வந்தால் நல்லது. முன் சக்கரங்களை அழுத்தும் சுருள்வில் விறைப்பாக இருந்தால் அது என்ஜினையே தூக்கிப் பிடித்து, பெரிய சக்கரங்களின் பிடியைத் திருடும். அதை ஒரு சுற்று வெட்டிவிடுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

எடைக்கு ஈயம்தான் வசதி. தூண்டில் கடையில் குண்டாகவே கிடைக்கும். முதல்முறை அந்தக் குண்டுகளைக் கொதிகலனுக்குள் போட்டு, மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையை ஊற்றினேன். கொஞ்ச வருஷம் கழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் உடம்பு புடைத்து விரிசல் விட்டிருந்தது. அந்தப் பசையிலிருந்து கசியும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடிக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். இப்போது எபாக்ஸி பசைதான்.

அப்புறம் ரப்பர் வளையம். ஒரு ஜோடிச் சக்கரத்தில் மாட்டினாலே இழுவை நன்றாகக் கூடும். ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சக்கரம் அந்த அளவுக்குக் குறையும். 1950-ல் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் காந்தத்தால் பிடியைக் கூட்டியது. அது இரும்புத் தண்டவாளத்துக்குச் சரி. இன்று பரவலாக உள்ள நிக்கல் சில்வரில் (செம்பு, நிக்கல், துத்தநாகம், பேரில் மட்டும் வெள்ளி) காந்தம் ஒட்டாது.

எல்லாவற்றையும் செய்து பிடியைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் சக்கரம் வழுக்காது, நின்றுவிடும். அதுதான் ஆபத்து. சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. நின்றுவிட்டால் அந்த அணை இல்லை, கம்பிச்சுருளின் மின்தடை மட்டும் மிஞ்சும். பாயும் மின்சாரம் முழுக்க வெப்பமாகும். எனவே 12 வோல்ட் கொடுத்து என்ஜினைக் கையால் நிறுத்திப் பிடித்தால், சக்கரம் அப்போதும் வழுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஈயத்தில் கொஞ்சத்தை எடுத்துவிடுங்கள்.

இழுவையை அளக்க எளிய வழி: சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் 200 கிராம் கட்டி ஒன்றை வைத்து, அதில் கட்டிய நூலை மேலே ஒரு சிறு கப்பி வழியாக என்ஜினின் கொக்கிக்குக் கொண்டுபோங்கள். வழுக்கும் வரை ஓட்டுங்கள். தராசு 120 காட்டினால் இழுவை 80 கிராம். பிறகு சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அச்சுக்கு விட்ட எண்ணெய் அங்கே வழிந்திருந்தால் எண் மாறும். கட்டி ஈயமாக இருந்தால், அந்தத் தராசு திரும்ப சமையலறைக்குப் போகக் கூடாது.