பர்சேஸ் ஹெட் முன்னால் நாற்காலி நுனியில் உட்காராதீர்கள்

பெங்களூரு பீன்யாவில் பதினெட்டு பேரோடு சிஎன்சி பட்டறை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷினில் உலோக பார்ட்ஸ் கடைகிற பட்டறை) நடத்துகிறேன், பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிறேன். பெரிய கம்பெனி வாசலில் விசிட்டர் பாஸைக் கழுத்தில் மாட்டியதுமே நம்மில் பலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. பட்டறையில் ரெண்டு மைக்ரானுக்காக (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆபரேட்டரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர், அங்கே போய் "நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்" என்கிறார். அதற்கப்புறம் எதிரே இருப்பவர் நம்மிடம் விலையைத் தவிர வேறு எதைப் பேசுவார்?

எனக்கு இது பிடிபட்டது ஒரு டிராயிங்கில்தான். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பிளான்ட் ஹெட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மூடியின் வெளிவிட்டத்துக்குப் பத்து மைக்ரான் டாலரன்ஸ் போட்டிருந்தார்கள், அதாவது அளவு அவ்வளவுக்குள்தான் பிசகலாம். அந்தப் பக்கம் எதோடும் பொருந்துகிற இடமே இல்லை. பத்து என்றால் எங்கள் பட்டறையில் லேத்தில் கடைந்த பிறகு கிரைண்டிங்கும் (சாணை பிடிப்பதும்) போட்டாக வேண்டும், ஐம்பது என்றால் லேத்திலேயே முடிந்துவிடும். வழக்கமாகக் கிரைண்டிங் காசையும் சேர்த்துக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அன்று டிராயிங்கை அவர் பக்கம் திருப்பி, அந்த எண்ணின் மேல் பேனாவை வைத்து, "இது இங்கே எதுக்கு சார்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தவர், டிசைன் ஆளைக் கூப்பிட்டார். பழைய டிராயிங்கிலிருந்து அப்படியே வந்துவிட்டதாம். அடுத்த ஒரு மணி நேரம் விலைப் பேச்சே வரவில்லை. எந்த பார்ட் தாமதமானால் லைன் நிற்கிறது, நின்றால் ராத்திரி யாரெல்லாம் அவருக்கு போன் போடுகிறார்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

சார் என்று கூப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை, இந்த ஊரில் எல்லாருமே எல்லாரையும் சார் என்றுதான் கூப்பிடுகிறோம். எதிரே இருப்பவரின் வேலையில் நமக்குத் தெரிந்த ஒன்றை மேஜைமேல் வைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. எதிரே இருப்பவர் கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்ததும் "நம்ம ஊர்தானே, பார்த்துக்குங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். தமிழில் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் ஊரைச் சொல்லி ஆர்டர் கேட்டால் அவருக்குச் சங்கடம், நமக்கு இறக்கம்.

பணப் பேச்சில்தான் ரொம்பப் பேர் கூனிவிடுகிறார்கள். ஆறு மாசம் கழித்து அக்கவுண்ட்ஸ் வாசலில் நின்று கெஞ்சுவதை, ஆர்டர் வாங்கும்போதே நிமிர்ந்து பேசிவிடலாம். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளில் பணம் வர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் இது வந்துவிட்டது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி, நிதியாண்டும் முடிந்த பிறகு பணம் கொடுத்தால், வாங்கின கம்பெனி அதைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். அவர்களுடைய சிஎஃப்ஓவுக்கு (நிதித் தலைவருக்கு) இது நன்றாகவே தெரியும். உத்யம் பதிவு எண்ணை (நாம் குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) கொட்டேஷனிலேயே போடுங்கள், "இதனால உங்களுக்கும் வரியில சிக்கல் வரும் சார்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம்.

அப்புறம், கெட்ட செய்தி. ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) போய்விட்டது என்றால் டெலிவரி நாள் வரை மூடி மறைக்காமல் அன்று காலையிலேயே ஆர்டர் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும். இன்றைக்கு எத்தனை பீஸ் வரும், மிச்சம் எந்த நாள், வெளியே எந்தப் பட்டறையில் போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அவர் அடுத்து தன் மேலதிகாரிக்கு போட வேண்டிய போனுக்கு அவை தேவை.