வேகம் குறைந்த ரெட்மி நோட் 4 ஏன் அதிகம் விற்றது?

2017 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமான ரெட்மி நோட் 4 கைபேசி, வேகச் சோதனைகள் சிலவற்றில் தனக்கு முந்தைய நோட் 3 மாடலைவிடப் பின்தங்கியே இருந்தது. நோட் 3இல் இருந்த ஸ்னாப்டிராகன் 650 சிப்பில் கனமான வேலைகளுக்கென்றே ஆற்றல்மிக்க இரண்டு கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள், உண்டு. நோட் 4இன் ஸ்னாப்டிராகன் 625இலோ எட்டுக் கோர்களுமே குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிக்கன வகை. இருந்தும், முதல் விற்பனையில் 10 நிமிடத்துக்குள் 2.5 லட்சம் கைபேசிகள் விற்றதாகவும், ஆறு மாதத்தில் அந்த எண்ணிக்கை 50 லட்சத்தைத் தொட்டதாகவும் ஷாவ்மி நிறுவனம் அறிவித்தது. விலையை மட்டும் காரணம் சொல்வதற்கில்லை, ஏனெனில் இரண்டு மாடல்களின் தொடக்க விலையும் 9,999 ரூபாய்தான்.

விடை சிப்பின் தயாரிப்பு முறையில் இருக்கிறது. ஸ்னாப்டிராகன் 650 பழைய 28 நானோமீட்டர் முறையில் உருவானது (எண் சிறிதாகச் சிறிதாக, தயாரிப்பு முறை நுணுக்கமானது). 625 உருவானது 14 நானோமீட்டர் ஃபின்ஃபெட் முறையில். சிப்பில் உள்ள நுண்ணிய மின் சுவிட்சுதான் டிரான்சிஸ்டர். அதன் பழைய வகையில் மின்னோட்டம் செல்லும் பாதை தட்டையாகக் கிடக்கும். அதைத் திறந்து மூடும் வாயில் மேற்புறத்தில் மட்டுமே அமர்ந்திருப்பதால், மூடிய நிலையிலும் அடிப்பக்கமாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். ஃபின்ஃபெட்டில் அந்தப் பாதை ஒரு மெல்லிய சுவராக எழுந்து நிற்க, வாயில் அதை மூன்று பக்கமும் அணைத்துக்கொள்கிறது. கசிவு குறைவதோடு, குறைந்த மின்னழுத்தத்திலேயே டிரான்சிஸ்டரை இயக்கவும் முடிகிறது. சிப் இயங்கும்போது செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே அந்தச் செலவு 19 சதவீதம் குறையும். சூடும் அதற்கேற்பக் குறையும்.

இதன் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். நோட் 4இன் 4,100 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 15.8 வாட்-மணி ஆற்றல் அடங்கும். கைபேசி முழுவதும் சராசரியாக 2 வாட் செலவழித்தால் அது எட்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், 1.5 வாட் போதுமென்றால் பத்தரை மணி நேரம் வரும்.

அந்த ஆண்டில் இது பெரிய விஷயம். 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ 2017 மார்ச் இறுதிவரை 4ஜி இணையத்தை இலவசமாகத் தந்ததால், அதுவரை டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களும் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கத் தொடங்கினார்கள். சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைச் சிப்பில் அதற்கென்றே உள்ள தனிச் சுற்று செய்துவிடுவதால், அங்கே வேகமான கோர்களின் மிடுக்கு யார் கண்ணிலும் படாது; பேட்டரி சதவீதம் இறங்குவதோ எல்லோர் கண்ணிலும் படும்.

குறையும் இருந்தது: மெமரி கார்டைச் செருகினால் இரண்டாவது சிம்முக்கு இடமில்லை. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் நிறைந்த நாட்டில் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே 625 சிப்புடன் அதே ஆண்டு மார்ச்சில் மோட்டோ ஜி5 பிளஸ் வந்தது. அதன் கேமரா நோட் 4ஐவிட மேலானது என்பது என் கருத்து. ஆனால் அதன் விலை 14,999 ரூபாயில் தொடங்கியது; பேட்டரியோ 3,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது மேற்சொன்ன 1.5 வாட் கணக்கின்படி ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.