புட்டர்: சொல்லின் வேரும் வட்டின் வேலையும்

டிஸ்க் கால்ஃப் ஆடத் தொடங்குபவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய வட்டுக்கு அந்த ஆட்டத்தில் புட்டர் என்று பெயர். அந்தப் பெயரே அதைக் கடைசியாக வாங்க வைக்கிறது. கூடைக்கு அருகில் போன பிறகு மெல்லப் போடுவதற்கானது என்ற பொருள் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெகுதூரம் வீச ஆசைப்படும் புதியவர் அதைத் தாண்டிப்போய் டிரைவர் என்ற பெயருள்ள கூர்விளிம்பு வட்டை எடுக்கிறார். பல மாதம் கழித்தும் வட்டு இடப்பக்கமே போய் விழுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லை வேரிலிருந்து பார்ப்பது ஆடுபவருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கால்ஃபில் பந்தைக் குழியில் விழச் செய்வதுபோல, இதில் வட்டைச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வெல்கிறார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் நிரந்தரத் திடல் அமைந்தது. அதை அமைத்த எட் ஹெட்ரிக், வாம்-ஓ என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தில், ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் விளையாட்டு வட்டைச் செம்மைப்படுத்தியவர். 1976-ல் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தைத் தொடங்கியதும், சங்கிலிக் கூடைக்கு 1977-ல் காப்புரிமை பெற்றதும் அவரே. 2002-ல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகள் வார்த்தார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இன்று 'வை' என்று பொருள்படும் 'புட்' என்ற வினைக்குப் பழைய பொருள் தள்ளு, உந்து என்பது. அந்தப் பழம்பொருள் ஸ்காட்லாந்துப் பேச்சில் நிலைத்து, உச்சரிப்பு சற்றே மாறி, கால்ஃபில் 'பட்' என்று ஆனது. தரையோடு பந்தை மெல்ல உந்திக் குழிக்குள் விடும் அடி அது. அதற்கான கோல் 'பட்டர்'. தமிழில் எழுதும்போது பலரும் புட்டர் என்கிறார்கள். பட்டர் என்று எழுதினால் வெண்ணெயோ கோயில் பட்டரோ நினைவுக்கு வருவதால் நானும் புட்டர் என்றே எழுதுகிறேன். நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் குண்டு எறிதல் என்று சொல்லும் போட்டியின் ஆங்கிலப் பெயரிலும் இதே வினைதான் இருக்கிறது. ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் குண்டைத் தோளிலிருந்து உந்துவதற்கும், குழிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் பந்தைத் தொட்டுவிடுவதற்கும் ஒரே வேர். ஆக, புட் என்ற சொல்லில் தொலைவும் இல்லை, மென்மையும் இல்லை. உந்துதல் மட்டுமே இருந்தது. மென்மையை அதற்குள் ஏற்றியது கால்ஃப்.

அந்தப் பெயர் வட்டுக்கு வந்து சேர்ந்த கதை பிந்தியது. தொடக்க காலத்தில் எல்லோரும் எல்லாத் தொலைவுக்கும் ஏறத்தாழ ஒரே வகை ஃபிரிஸ்பீயைத்தான் வீசினார்கள். 1983-ல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டுனிபேஸ், விளிம்பைச் சரிவாகச் சீவியதுபோல் ஈகிள் என்ற வட்டை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னைவிட வெகுதூரம் போனது அது. விரைந்து போகும் வட்டு ஒன்று வந்துவிட்டதால், மெதுவாகப் போகும் வட்டுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. ஆட்டத்தின் பெயரையே கால்ஃபிலிருந்து எடுத்தவர்கள் வட்டுகளின் பெயர்களையும் அங்கிருந்தே எடுத்தார்கள். சரிவு விளிம்பு கொண்டது டிரைவர், நடுத்தரமானது மிட்ரேஞ்ச், மொத்தையான விளிம்பு கொண்டது புட்டர்.

ஆட்ட விதிகள் இந்தப் பெயர்களைப் பொருட்படுத்துவதில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று வீசினால் அது புட் பகுதி. அங்கே வீசிய பிறகு உடல் நிலைகொள்ளும் முன், வட்டு கிடந்த இடத்தின் குறியைத் தாண்டி அடியெடுத்து வைக்கக்கூடாது. எந்த வட்டால் வீசவேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. புட் என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. புட்டர் என்பது வட்டின் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வட்டைத் தொடக்கக் குறியிலிருந்து முழு வேகத்தில் வீசலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

புதியவர் ஏன் அப்படி வீச வேண்டும்? இதற்கு வட்டின் பறத்தலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வட்டு பறப்பது சுழற்சியால். பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்பதுபோல, சுழற்சி இருக்கும்வரை வட்டு தன் சாய்வைக் காத்துக்கொள்கிறது. வலக்கையால், புறங்கை முன்னே வர வீசினால், மேலிருந்து பார்க்கும்போது அது கடிகார முள்போலச் சுற்றும். காற்றின் தூக்குவிசை வட்டின் நடுப்புள்ளியில் சரியாக விழுவதில்லை. வேகம் மிகுந்திருக்கும்போது சற்றுப் பின்னாலும், வேகம் குறையும்போது முன்னாலும் விழுகிறது. முன்னால் விழும் விசை மூக்கை, அதாவது வட்டின் முன்விளிம்பை, தூக்கப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அதற்குச் செங்குத்தான பக்கத்தில் சாயும். அதனால் கடைசிக் கட்டத்தில் வட்டு இடப்பக்கம் சரிகிறது. முதல் கட்டத்தில் இதற்கு நேர்மாறாக வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

இந்த இரண்டையும் சேர்த்து நான்கு எண்களை இன்னோவா தன் வட்டுகளுக்குத் தருகிறது. மற்ற பல நிறுவனங்களும் அந்த முறையைப் பின்பற்றுகின்றன. அவற்றை நான் வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு என்று சொல்வேன். இன்னோவாவின் ஏவியர் என்ற புட்டருக்கு 2, 3, 0, 1. அதாவது வேகம் குறைவு, ஓரளவு மிதக்கும், வீசியதும் எந்தப் பக்கமும் திரும்பாது, முடிவில் ஒரு துளி இடப்பக்கம் சரியும். அதே நிறுவனத்தின் டிஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12, 5, -1, 3. திருப்பம் -1 என்றால், வீசியதும் சற்று வலப்பக்கம் திரும்பும். வேகம் 12 என்றால் அந்த வட்டு 12 மடங்கு வேகமாகத் தானாகப் போகும் என்று பொருளல்ல. அதன் இயல்பான பாதையில் அது பறக்க, வீசுபவர் அவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்று பொருள். கொடுக்க முடியாத கையில், 3 என்ற சரிவு மட்டும் வேலைசெய்யும்.

இங்கேதான் பழகும் கைக்குக் கேடு தொடங்குகிறது. டிஸ்ட்ராயர் போன்ற டிரைவரின் விளிம்பு அகலம் 2 சென்டிமீட்டரைத் தாண்டும்; புட்டருக்கு ஏறத்தாழ அதில் பாதி. எடை விளிம்பில் குவிந்திருப்பதால் டிரைவர் முரட்டுப் பிடிவாதம் உள்ளது. வீசும்போது மணிக்கட்டு உருண்டதா, மூக்கு தூக்கியதா, இடுப்புக்கு முன்பே கை பாய்ந்ததா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் தரும்: இடப்பக்கம் போய் விழும். எது தவறு என்று வீசியவருக்குத் தெரியாது. சிலர் அந்தச் சரிவை ஈடுகட்ட வட்டை வலப்பக்கம் சாய்த்து வீசப் பழகுவார்கள். பிழையின் மேல் இன்னொரு பிழை ஏறிவிடும்.

புட்டர் ஒவ்வொரு தவறுக்கும் வேறு வேறு பதில் தரும். கையை விட்டதும் தள்ளாடினால், சுழலச் செய்த விசை வட்டின் தளத்தில் இல்லை. மணிக்கட்டோ முழங்கையோ தளத்தை விட்டு விலகியிருக்கிறது. மேலே ஏறி, நின்று, பின் இடப்பக்கம் சரிந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது. பிடியில் கட்டைவிரலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் கவிழ்ந்தால், விடும் நேரத்தில் உள்ளங்கை மேல்நோக்கி உருண்டிருக்கலாம், அல்லது உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம். நேராகப் போய், கடைசியில் கொஞ்சமாகச் சரிந்து தரையில் அமர்ந்தால் வீச்சு சரி. இந்த விடையை ஒவ்வொரு வீச்சுக்கும் சில நொடிகளில் தருவதால்தான் அதை முதல் வட்டு என்கிறேன். 50, 60 மீட்டர் தொலைவுக்கு அதை நேராக வீசத் தெரிந்தவர் கையில் மற்ற வட்டுகள் தாமாகவே படியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. திருப்பம் 0 அல்லது -1, சரிவு 0 அல்லது 1 உள்ளதை எடுங்கள். சரிவு 3 உள்ள புட்டர்களும் உண்டு. அவை காற்றில் உதவும், கற்றுத் தராது. ஒரே வட்டில் இரண்டு மூன்று வாங்குவது, வெவ்வேறு வட்டு மூன்று வாங்குவதைவிட எவ்வளவோ மேல். திடலில் நின்று அடுத்தடுத்து வீசும்போது, மாறியது வட்டா கையா என்ற குழப்பம் வராது. எடைக்குத் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் வரம்பு, குறுக்களவின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம், 21.2 சென்டிமீட்டர் உள்ள ஏவியர் 175 கிராம் வரை வரும். உடல் சிறுத்தவர்களும் குழந்தைகளும் இதைவிடக் குறைந்த எடையை எடுப்பதில் தவறில்லை. சில புட்டர்களின் விளிம்படியில் மணிபோன்ற சிறு வளையம் ஓடும், சிலவற்றில் இருக்காது. இதில் விரலுக்கு எது சுகமோ அதுவே சரி. மலிவான பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும்; தேயத் தேயச் சரிவு குறைந்து நேராகும். பழகுபவருக்கு அது குறையே அல்ல.

அடுத்த வட்டாக டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற மிட்ரேஞ்சைச் சேர்க்கலாம். அதன் எண்கள் 5, 4, -1, 1. அதன்பின் லெப்பர்ட் போன்ற 6 வேகமுள்ள டிரைவர். 12, 13 வேகங்களைத் தொட அவசரமே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? முதலில் டிஸ்க். கிரேக்கத்தின் டிஸ்கோஸ், எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. அது லத்தீன் வழியாகப் பரவி, ஆங்கிலத்தில் உணவுத் தட்டு, மேசை ஆகியவற்றின் பெயர்களுக்கும் மூலமானது. எறிபொருள் தட்டாகி, மேசையாகி, மறுபடி எறிபொருளாகியிருக்கிறது. தமிழில் தட்டு, சக்கரம், திகிரி, நேமி, வட்டு எல்லாம் உண்டு. திகிரியும் நேமியும் திருமாலின் படையாகவும் அரசனின் ஆணையாகவும் ஆனவை. ஆட்டத்துக்கு இறங்கி வராது. தட்டுக்கு உரிமை உண்டு: ஃபிரெட் மாரிசன் 1950களில் விற்ற வட்டு, பறக்கும் தட்டுகளைப் பற்றிய அக்காலப் பரபரப்பை ஒட்டிச் செய்யப்பட்டது. அதன் உரிமையை வாங்கிய வாம்-ஓ 1957-ல் அதற்கு ஃபிரிஸ்பீ என்று பெயரிட்டது. ஆனால் தட்டு என்பது தமிழில் ஏவல் வினையும் ஆவதால் 'தட்டை வீசு', 'தட்டு வீசு' என்று வரும் இடங்களில் இடறும்.

வட்டுக்கு அந்த இடறல் இல்லை. அதோடு அது ஆட்டச்சொல்லாகவே பிறந்து வளர்ந்தது. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமரத்தின் புள்ளி நிழலில் கட்டம் கீறி, 'கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டாடும்' காட்சி வருகிறது. குறளில் 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று கட்டம் வரையாமல் ஆடுவதை உவமையாக்குகிறார் வள்ளுவர். அங்கே வட்டாடல் என்பதற்குப் பரிமேலழகர் உண்டை உருட்டல் என்று உரை சொல்கிறார். அதாவது வட்டு என்றது உருண்டையான ஆட்டக்காயை. இன்று பள்ளித் திடலில் வட்டு எறிதல், கணினியில் வன்வட்டு, தமிழகத்தில் குறுவட்டு, இலங்கையில் இறுவட்டு என்று தட்டையான வட்டத்துக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. டிஸ்க் கால்ஃபின் டிஸ்க்குக்கு வட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எறிதலா, வீசுதலா என்றால் வீசுதல். கல்லை எறிகிறோம், வலையை, வாளை வீசுகிறோம். கை ஒரு தளத்தில் சுற்றி வந்து விடுவது வீச்சு. ஆகவே நல்ல ஃபார்ம் என்பதை நல்ல வீச்சுமுறை எனலாம்.

புட்டருக்குக் கூடைவட்டு, அண்மைவட்டு என்ற சொற்கள் எளிதில் தோன்றும். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆங்கிலப் பெயர் புதியவரை எந்தப் பிழைக்குள் தள்ளியதோ அதே பிழையை அவை தமிழுக்குக் கொண்டுவரும். உந்துவட்டு வேருக்கு நெருக்கம், செயலுக்குத் தூரம்; இந்த வட்டை யாரும் உந்துவதில்லை. மென்வட்டு என்றால் பழைய கணினிகளின் நெகிழ்வட்டு போலத் தோன்றும். வடிவத்தையும் வேகத்தையும் வைத்துப் பெயரிடுவதே நேர்மை: டிரைவர் விரைவட்டு, மிட்ரேஞ்ச் இடைவட்டு, புட்டர் நிதானவட்டு. நிதானம் வடமொழி வழி வந்ததாயினும் நம் வாயில் ஊறிய சொல். மெதுவையும் தடுமாறாமையையும் ஒருசேரச் சொல்கிறது. தூய சொல்லே வேண்டுவோர் தணிவட்டு எனலாம். வேகம் தணிந்த வட்டு. புட் என்ற வீச்சைக் 'கூடைவீச்சு' என்று தனியே வைத்துக்கொண்டால் இடமும் வட்டும் கலக்காது. அப்போது 'தொடக்கக் குறியிலிருந்து நிதானவட்டை வீசினாள். 10 மீட்டருக்குள் வந்ததும் அதே வட்டால் கூடைவீச்சு முடித்தாள்' என்று எழுதலாம்.