சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் பிள்ளை அமைதியாக இருக்கிறதா?

தண்டையார்பேட்டையில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது பிள்ளைகளின் அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவராக, வேலை செய்கிறேன். போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு தாய் தன் ஐந்து வயதுப் பையனோடு வந்திருந்தார். "ராத்திரில ஒரே ஆட்டம் மேடம், தூங்கவே மாட்டேன்றான். ரிலாக்ஸா இருக்குற மாதிரி ஏதாவது கேம் இருந்தா சொல்லுங்க" என்றார். இப்போது என்ன விளையாடுகிறான் என்று கேட்டேன். "ஏதோ ஓடுற கேம். அவங்கப்பா எட்டு மணிக்கு வந்ததும் போனை வாங்கிக்குவான். அப்புறம் சிலை மாதிரி குந்தினு இருப்பான், ஒரு தொல்லை இல்ல."

போனைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். நான் திரையைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தேன். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கால் விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. ஒவ்வொரு தடுப்பைத் தாண்டும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கண் சிமிட்டுவதே குறைந்துபோயிருந்தது. அம்மாவுக்கு அது அமைதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை, சத்தமே இல்லையே. ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து அம்மாவையே விளையாடச் சொன்னேன். பத்து நிமிடம் ஆவதற்குள் போனைக் கீழே வைத்துவிட்டார். "யப்பா, எனக்கே படபடன்னு வருது மேடம்."

ஒரு கேமைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்னால் நாம் பத்து நிமிடம் விளையாடிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஓட்டக் கேம்களில் போகப் போக வேகம் கூடும். பின்னால் யாரோ துரத்திக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நன்றாக விளையாடினாலும் கடைசியில் விழுந்துதான் ஆட்டம் முடியும், அதாவது ஒவ்வொரு முறையும் தோல்வியில்தான். விழுந்த மறு நொடியே "மறுபடி விளையாடு" என்ற பொத்தான் வரும். நடுநடுவே ஒரு பெட்டி திறக்கும், அதில் என்ன இருக்கும் என்று தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மனிதரை அதிகம் கட்டிப்போடும். பெரியவர்களே இதில் விழும்போது ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

பிளே ஸ்டோரில் 3+ என்று போட்டிருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் போன்றவற்றை வைத்துத் தரப்படுவது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த வேகம் சரிவருமா, இதை விளையாடத் திறமை போதுமா என்பதை அது சொல்லாது. அதற்குப் பதிலாகக் கேமின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். விளம்பரம் உண்டா, உள்ளே காசு கட்டிப் பொருள் வாங்க வேண்டி வருமா என்பது அங்கேதான் இருக்கும். விளம்பரம் வரும் கேம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பயனில்லை. பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முன்னால் திடீரெனத் துப்பாக்கி வெடிக்கும் விளம்பரம் வந்து நிற்கும். அதை மூடும் பெருக்கல் குறி, அந்தச் சின்ன விரலுக்கு எட்டாத அளவில் மூலையில் இருக்கும். இணையம் தேவைப்படாத கேம் என்றால் ஃபிளைட் மோடில் போட்டுக் கொடுங்கள், பெரும்பாலும் விளம்பரம் வராது.

எதைக் கொடுக்கலாம்? கடிகாரம் ஓடாத, தோற்கவே முடியாத, பிள்ளை நிறுத்தினால் தானும் நின்று காத்திருக்கும் கேமைத் தேடுங்கள். அந்தப் பையனுக்கு டவுன்ஸ்கேப்பர் என்ற கேமைக் காட்டினேன். வெறும் கடல் மட்டும் இருக்கும். தொட்டால் மெல்லிய ஓசையோடு கலர் கலராக வீடு முளைக்கும். பக்கத்தில் தொட்டால் சுவர் சேரும், மேலே தொட்டால் மாடி ஏறும், சுற்றி வளைத்தால் நடுவே தோட்டம் வரும். மதிப்பெண் கிடையாது, லெவல் கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான், ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும். இலவசமாக வேண்டும் என்றால் கான் அகாடமி கிட்ஸ் என்ற விளையாடிக் கற்கும் ஆப் இருக்கிறது. 2 முதல் 8 வயது வரை உள்ளவர்களுக்கானது, விளம்பரம் இல்லை. அது ஆங்கிலத்தில் பேசும் என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கும், அது நல்லதுதான். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மைன்கிராஃப்ட் என்ற கட்டை அடுக்கும் கேமைக் கேட்டால், இஷ்டம்போல் கட்டும் கிரியேட்டிவ் முறையில், பீஸ்ஃபுல் என்ற நிலையை வைத்து, வெளியாட்களோடு சேராமல் விளையாட விடுங்கள். பூதங்கள் தாக்க வராது.

நல்ல கேமாகவே இருந்தாலும் பிடுங்கினால் பிள்ளை அழத்தான் செய்யும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது ஐந்து வயதுக்குப் புரியாது. எண்ணிக்கை புரியும். "இன்னும் மூணு வீடு கட்டு, அப்புறம் போன் தூங்கப் போகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வீட்டை அவனே கட்டி முடித்து, அவன் கையாலேயே போனை சார்ஜரில் போடட்டும். முதல் சில நாள் அழுவான். அந்த நாட்களில் நீங்கள் மாறாமல் இருந்தால் பிறகு பழகிவிடும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் ஓய வேண்டும். இந்தப் பையன் வீட்டில் முதல் சிக்கல் அதுதான். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருப்பது அவருடைய ஒரே போன், அது வந்து சேர்வதே எட்டு மணிக்கு. அதனால் காலையில் அப்பா கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் என்று மாற்றினோம்.

"வெளியே விளையாட விடுங்கள்" என்று எழுதுவது சுலபம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பகுதியில், ஒற்றை அறை வீட்டில், வேலைக்குப் போய்வந்து சமைக்கும் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போனைக் கொடுத்ததற்காக எந்தத் தாயையும் நான் திட்டியதும் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் கேரம் போர்டு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. இரவு எட்டு மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்து, விதி எதுவும் இல்லாமல், பவுடர் தூவிய பலகையில் காயை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது அந்த வயதுக்குப் போதுமான விளையாட்டு. சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுத்தாலும் உடம்பு தளரும். இரண்டையும் சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் இப்படிச் செய்த பிறகும் உங்கள் பிள்ளை போனைத் திருப்பி வாங்கினால் கடிக்கிறான், அடிக்கிறான், போன் இல்லாமல் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை, பேச்சு வயதுக்கு ஏற்ப வரவில்லை என்றால் கேமை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டுங்கள். போகும்போது பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எப்போது போன் பார்க்கிறது என்று ஒரு வாரக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பதே அதுவாக இருக்கலாம்.