காற்றில்லாத நாளில் வரும் கள்ளக்கடல்

"அன்றைக்குக் காற்றே இல்லை. புயல் சின்னமும் இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. அப்புறம் எப்படிக் கடல் ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது?" ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கடற்கரை ஊர்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த நாளும் அப்படிப்பட்டதுதான். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது.

கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். இப்போது அறிவியல் கட்டுரைகளிலும் அதே பெயர்தான். இது சுனாமி இல்லை. சுனாமியைக் கிளப்புவது பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம். கள்ளக்கடலைக் கிளப்புவது காற்று. அந்தக் காற்று நம் ஊரில் வீசவில்லை, அவ்வளவுதான். அது வீசியது ஒரு வாரம் முன்பு, அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில்.

குமரிமுனையிலிருந்து நேர் தெற்கே போனால், சில சிறு தீவுகளை விட்டால், அண்டார்க்டிகா வரை தடுக்க நிலமே இல்லை. அங்கே 40 முதல் 60 டிகிரி தெற்கு வரை தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அலை பெரிதாக மூன்று விஷயம் வேண்டும்: பலமான காற்று, அது நீடிக்கும் நேரம், வீசித் தள்ளத் திறந்த கடல். மூன்றும் அங்கே தாராளம். நம் கோடை முடியும்போது அங்கே குளிர்காலம் நெருங்குவதால் புயல்கள் வலுக்கின்றன. நாகப்பட்டினம் பக்கம் இந்த அலைகள் வலுவிழப்பதற்குக் காரணம், இலங்கை குறுக்கே நிற்பது.

அலையில் நீர் பயணம் போவதில்லை; இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது, ஆற்றல்தான் நகர்கிறது. இது பள்ளியில் படித்ததே. பள்ளியில் அவ்வளவாகச் சொல்லித்தராத ஒன்று உண்டு: ஆழ்கடலில் எல்லா அலையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அலையின் உச்சிதான் முகடு. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம் அலைவு நேரம். அதை வினாடியில் எடுத்து 1.56ஆல் பெருக்கினால், முகடு வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது கிடைக்கும். 20 வினாடி அலையின் முகடு மணிக்குச் சுமார் 112 கி.மீ. ஓடும். 10 வினாடி அலைக்கு 56 கி.மீ. மட்டுமே.

இதைவிட அழகான விஷயம் அடுத்தது. அலைகள் கூட்டமாக வருகின்றன; கூட்டத்தின் வேகம் முகட்டின் வேகத்தில் சரிபாதி. கூட்டத்தின் பின்னால் ஒரு முகடு பிறக்கும், நடுவே வளர்ந்து முன்னேறும், முன்வரிசைக்கு வந்ததும் தேய்ந்து மறையும். அதற்குள் பின்னால் இன்னொன்று பிறந்திருக்கும். புயலில் கிளம்பிய முகடு எதுவும் நம் கரையைத் தொடுவதில்லை. வந்து சேர்வது அந்தப் புயலின் ஆற்றல்; 20 வினாடி அலைகளில் அது வருவது மணிக்கு 56 கி.மீ. வேகத்தில்.

8,000 கி.மீ. தொலைவில் ஒரு புயல் என்று வைத்துக்கொள்வோம். 20 வினாடி அலைகள் 142 மணி நேரத்தில், அதாவது ஆறு நாளில் வரும். 17 வினாடி அலைகள் அதற்கு 25 மணி நேரம் பிந்தி வரும். 14 வினாடி அலைகள் எட்டரை நாளில். ஒரே புயலில் கலந்து பிறந்தவை, வழியில் நீளவாரியாகப் பிரிந்து வரிசை கட்டிவிடுகின்றன. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணித் தூரம் சொல்வது போல, 20 வினாடியிலிருந்து 17க்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்த்தே புயலின் தூரத்தைக் கணக்கிடலாம். கள்ளக்கடல் இரண்டு மூன்று நாள் நீடிப்பதும் இந்த வரிசையால்தான்.

வழியில் ஆற்றல் கரைந்துவிடாதா? 1963இல் வால்டர் மங்க் குழுவினர் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை ஆறு இடங்களில் கருவி வைத்து, தென்கடல் அலைகளைப் பசிபிக்கின் குறுக்கே பின்தொடர்ந்தார்கள். புயலின் வட்டாரத்தை விட்டு வெளியே வந்தபின் நீண்ட அலைகள் இழப்பது மிகச் சொற்பம் என்று கண்டார்கள். பரவுவதால் உயரம் குறையும்; முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையிலான நீளம் குறையாது.

ஆபத்து அந்த நீளத்தில்தான். 20 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 624 மீட்டர். அதன் உயரம் ஒரு மீட்டர்தான் என்றால், படகில் இருப்பவருக்கு ஏறி இறங்குவதே தெரியாது. ஆனால் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். இதற்கு 312 மீட்டர் ஆழத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. தரை தட்டத் தட்ட வேகம் குறையும், பின்னால் வரும் ஆற்றல் நெருக்கும், உயரம் கூடும். 5 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அந்த ஒரு மீட்டர் அலை ஒன்றரை மீட்டராகிவிடும். அதே உயரமுள்ள சாதாரண 8 வினாடி அலை அந்த இடத்தில் வளர்வது வெறும் 2 சதவீதம்.

கரையில் நீர் ஏறும் உயரம் இன்னும் மோசம். சரிவான மணலில் அது ஏறத்தாழ, உயரத்தையும் நீளத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக, ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் 20 வினாடி அலை, 8 வினாடி அலையைவிட இரண்டரை மடங்கு மேலே ஏறும். ஏறிய நீர் திரும்ப இறங்கவும் பல வினாடி எடுப்பதால், காலை வாரி இழுக்கும் நேரமும் நீளம்.

எனவேதான் "ஒன்றரை மீட்டர் வரை அலை எழும்பலாம்" என்ற செய்தி ஏமாற்றுகிறது. ஒன்றரை மீட்டர்தானே என்று தோன்றும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இன்காய்ஸ், 2020 முதல் கள்ளக்கடலுக்கென்றே முன்னறிவிப்பு தருகிறது. அந்த அறிவிப்பில் மிக முக்கியமான எண் அலைவு நேரம். தொலைக்காட்சிக்கு வரும்போது விட்டுப்போவதும் அதுதான். உயரத்தோடு வினாடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இது இருக்க வேண்டும். கரையில் கல் கொட்டத் தாராளமாக ஒதுக்கும் நாம், கடலில் மிதந்து அலையை அளக்கும் அலைமிதவைகளுக்கும் அதே மனதோடு ஒதுக்கலாம். கடல் கோபித்துக்கொண்டது என்று சொல்லி ஆறுதல் தேடுவதால் பயனில்லை. சில நாள் முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயம் இது.

நீங்களே எண்ணலாம். அலை உடையும் இடத்துக்குச் சற்று வெளியே ஒரு பாறையையோ மிதவையையோ குறிவைத்து, 11 முகடுகள் கடக்கும் நேரத்தை எடுத்து 10ஆல் வகுங்கள். 7, 8 வினாடி என்றால் அருகில் வீசும் காற்றின் அலை. 15ஐத் தாண்டினால் மணலில் இறங்க வேண்டாம். ஒருமுறை எண்ணியதோடு விடாதீர்கள், குறைந்தது இருபது நிமிடம் பாருங்கள். அலைகள் கூட்டமாக வருவதால், ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பல நிமிடம் கடல் குளம் போல் கிடக்கும். கால் நனைக்க இறங்குகிறவர்கள் இறங்குவது அந்த இடைவெளியில்தான்.

படகுகளை ஒன்றோடொன்று உரசாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஆழ்கடலில் படகு பத்திரமாகவே இருக்கும். கவிழ்வது கரை ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நீர் ஊருக்குள் வருவது பெரும்பாலும் ஓதம் ஏறும் நேரத்தில். முதல் நாள் காலை 11 மணிக்கு வந்தது என்றால், அடுத்து இரவு 11.25ஐ ஒட்டி வரும், மறுநாள் 11.50ஐ ஒட்டி. அந்த இரவு ஓதம் தூக்கத்தில் வருவது. கரையோர வீடுகளில் முதியவர்களையும் குழந்தைகளையும் அதற்கு முன்பே மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்து வினாடி 12, 13க்கு இறங்கியிருந்தாலும், எச்சரிக்கை விலகிய பிறகே படகை இறக்குங்கள்.