தாய்மாமன் முறை செல்லும், 17 வயது செல்லாது

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று, நடக்கப்போகும் கல்யாணத்தைப் பஞ்சாயத்தில் பதிவு செய்வது பற்றிக் கேட்க வக்கீலான என்னிடம் வந்தது. (ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) மாப்பிள்ளை, பெண்ணின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் குமாஸ்தா ஒற்றப்பாலத்து மலையாளி. பேனாவை மூடிவிட்டார். "சொந்தம் அம்மாவனோ?" (சொந்தத் தாய்மாமனா?)

பாட்டி விடவில்லை. "தாய்மாமனுக்கு இல்லாத உரிமை வேற யாருக்குங்க? உங்க பக்கம் பெத்த புள்ளைய விட்டுப்போட்டு மருமகனுக்குச் சொத்துப் போச்சே, அது மட்டும் நாயமுங்களா?"

அவரவர் கணக்கில் இருவரும் சரி. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் கேரளத்துத் தாய்வழி முறையான மருமக்கத்தாயத்தில் அம்மாவனும் அக்காள் மகளும் ஒரே தறவாடு, அதாவது ஒரே கூட்டுக்குடும்பம். அவள் அவருக்கு மகள் மாதிரி. அந்தக் கூட்டுக்குடும்ப முறையைக் கேரளம் 1975-இல் சட்டம் போட்டே ஒழித்தது. முறை போயிற்று, கூச்சம் போகவில்லை. நமக்கோ பெண் பெரியவளானதும் முதலில் வருவதே மாமன் சீர்.

அப்படியானால் சரி, தப்பு எல்லாம் ஊர் வகுத்ததுதானா?

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தாய்மாமனைத் தடுக்கப்பட்ட உறவில் வைத்துவிட்டு, இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் செல்லும் என்கிறது. ஆனால் எல்லாமே வழக்கமாகிவிடாது. நெடுங்காலமாக விடாமல் நடந்திருக்க வேண்டும். நியாயத்துக்குப் புறம்பாகவும் இருக்கக் கூடாது. வழக்கத்தை அளக்க அதற்கு வெளியே ஒரு கோல் வேண்டும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிற இடம் இது.

பெண்ணின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை அப்போதுதான் புரட்டினேன். 18 ஆக இன்னும் ஏழு மாதம்.

2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் "வழக்கம் இருந்தால்" என்ற வாசலே கிடையாது. கட்டுகிற ஆணுக்கும் கட்டிவைக்கிறவர்களுக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். (பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம்தான் என்பதைப் பாட்டியிடம் நான் சொல்லவில்லை.) ஏற்கெனவே கட்டிவைத்திருந்தால், 20 வயது முடிவதற்குள் அந்தப் பெண்ணே ரத்து கேட்கலாம். இப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

"எனக்குப் பதினாலுல முடிஞ்சுது. கெட்டா போயிட்டேன்?"

"அன்னைக்கு உங்களக் கேட்டாங்களா, ஆத்தா?"

"எங்களயெல்லாம் யாரு கண்ணு கேட்டா" என்றார், குரல் இறங்கி.

மாமனா அம்மாவனா என்பதை ஊர்கள் பேசிக்கொள்ளட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் கேட்காமலே ஒருத்தியின் ஆயுளை முடிவு செய்வது, ஊரே அதைச் சரி என்ற காலத்திலும் தப்பாகத்தான் இருந்திருக்கிறது. அன்று அதைச் சொல்ல ஆத்தாவுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பெண்ணைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "மாமா நல்லவருதானுங்க. நர்சிங் சேரலாம்னு இருந்தேன். அத யாரும் கேக்கலீங்க."

உள்ளே திரும்பியபோது மாப்பிள்ளை போனில் இருந்தார். பத்திரிகை அச்சுக்குக் கொடுத்த கடை. "இன்னும் அடிக்கலைன்னா நிறுத்திருங்க" என்றார். முன்பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.