சின்ன நாய் சோபாவிலிருந்து இறங்கும்போது

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டையில் என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான கேஸ்கள் வர ஆரம்பிக்கும். வெளியே ஈரம், நாயை நடத்திக் கூட்டிப்போக முடியாது, குற்றாலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருப்பார்கள், தரை பாதி நேரம் நசநசவென்றே கிடக்கும். அப்புறம் ஒரு சாயங்காலம் துண்டில் சுற்றிய ஒரு குட்டி நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "சோபால இருந்து சாடிச்சு டாக்டரம்மா, வேற ஒண்ணுமே நடக்கல." சாடுவது என்றால் குதிப்பது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து வரும் சேச்சிமாரும் இதே சாட்டத்தைத்தான் சொல்வார்கள். 1956 வரை இந்த ஊரே மலைக்கு அந்தப் பக்கத்தோடு இருந்ததுதானே, சொல்லும் ஒன்றாகத்தான் இருக்கும். "வேற ஒண்ணுமே நடக்கல" என்கிறார்களே, வேறு எதுவும் நடக்க வேண்டியதில்லை. இரண்டு கிலோ நாய்க்கு அந்த ஒரு சாட்டமே போதும்.

போன சீசனில் வந்த ஒரு பொமரேனியன் குட்டியைச் சொல்கிறேன். ஐந்து மாதம், ஒன்றரைக் கிலோகூட இல்லை. திவானில் ஆச்சி மடியில் படுத்திருந்தது, காலிங் பெல் அடித்ததும் துள்ளி இறங்கியிருக்கிறது. முன்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே மடங்கித் தொங்கியது. எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அந்த இடத்தில் எலும்பின் கனம் பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம்தான் அதிகம், முன்காலின் இரண்டு எலும்புகளான ரேடியஸ், அல்னா இரண்டும் குறுக்கே முறிந்திருந்தன. வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மிகச் சிறிய இனங்களில் இந்த இடம் ஏன் இவ்வளவு பொல்லாதது என்றால், அங்கே எலும்பைச் சுற்றிச் சதை கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் வெறும் மாவுக்கட்டு போட்டால் பல நேரம் கூடாமலே போகும், பிளேட் வைத்து ஸ்குரூ போட வேண்டியிருக்கும், அதற்கு நான் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்ப வேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, நாலு நாள் கழித்துப் பாதம் வீங்கிக் கறுத்துப் போய் வந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாய் சோபாவில் ஏறி இறங்க வைக்கும் சின்னப் படியை, நாய்ப்படியை, வாங்குகிறவர்கள் எல்லாரும் "அதுக்கு ஏற முடியல, பாவம்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் ஏறும்போது அடிபட்டு வருபவை குறைவு. ஏற முடியாத நாய் கீழே நின்று குரைக்கும், நாம் தூக்கிவிடுவோம், அவ்வளவுதான். மேலே ஏறிவிட்ட நாய்க்குத்தான் இறங்க வழியில்லை. சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில் இருக்கும், குதித்து இறங்கும்போது முழுப் பாரமும் அந்த இரண்டு ரீஃபில்கள் மேல் வந்து விழுகிறது. சோபா உட்காரும் உயரம் 16, 17 அங்குலம், சிவாவா ஒன்றின் தோள் உயரம் 6 முதல் 9 அங்குலம். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் இரண்டடிக்கு வந்துவிடும். தூக்கிவிட்ட கை, இறக்கிவிடவும் அங்கேயே இருக்க வேண்டும்.

டாஷண்ட்டுக்கு இது முதுகு விஷயம். குட்டைக் கால், நீள முதுகு, அந்த இனத்தின் மரபிலேயே முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் சின்ன வயசிலேயே ஈரம் வற்றிக் கெட்டியாகிவிடும். மூன்றிலிருந்து ஆறு, ஏழு வயதுக்குள் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது அதிகம். குதித்ததால் மட்டுமே வருவது என்று சொல்ல மாட்டேன், குதிக்காத டாஷண்ட்டுக்கும் வருகிறது, ஆனால் தினமும் பத்துத் தடவை தொப்பென்று இறங்குவது அந்த முதுகுக்கு நல்லதே இல்லை. பொமரேனியன், சிவாவா போன்றவற்றுக்கு முழங்கால் சில்லு உள்பக்கமாக விலகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பின்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று தப்படி நொண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். "விளையாட்டுக்கு அப்படிப் பண்ணுது" என்று வீடியோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அது விளையாட்டில்லை, காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம். காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. நம் பக்கம் எல்லார் வீட்டு மச்சிலும் ஒரு பழைய காயர் மெத்தை கிடக்கும், ரப்பர் பால் சேர்த்த தென்னைநார் மெத்தை, நாலு அங்குலக் கனம். அதைவிட நல்ல படி கிடையாது. ஸ்பாஞ்ச் அமுங்கும், அமுங்குகிற படியில் நாய் கால் வைக்காது. காயர் கெட்டியாக நிற்கும். ஆறுக்கு மூன்று அடி மெத்தையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் பதினெட்டு அங்குல அகலத்தில் இரண்டு பட்டை வரும். அதிலிருந்து 42, 28, 14 அங்குல நீளத்தில் மூன்று துண்டு வெட்டி, சோபாவை ஒட்டும் பக்கம் சமமாக வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கு நழுவாதபடி சாக்கு ஊசியால் தைத்து, மேலே பழைய ஜமுக்காளத்தை இழுத்துத் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு படியும் நாலு அங்குல உயரம், பதினாலு அங்குல ஆழம், நாய் நாலு காலையும் வைத்து நின்று யோசிக்க இடம் இருக்கும். கடைசிப் படிக்கும் சோபாவுக்கும் நாலைந்து அங்குலம்தான். மெத்தைக் கடையிலேயே வெட்டித் தருவார்கள்.

டாஷண்ட்டுக்கும் வயசான நாய்க்கும் படியைவிடச் சரிவுப் பலகைதான் நல்லது. உயரம் ஒன்று என்றால் பலகை நீளம் மூன்று, இந்தக் கணக்கை ஆசாரியிடம் சொன்னால் போதும். 17 அங்குல சோபாவுக்கு நாலேகால் அடி, கட்டிலுக்கு ஆறடி. இவ்வளவு நீளமா என்று கேட்பார்கள். நீளத்தைக் குறைத்தால் செங்குத்தாகிவிடும், நாய் பாதி வழியில் பக்கவாட்டில் குதித்துவிடும், அதற்குப் பலகையே வேண்டாம். ஒரு அடி அகலம், இரண்டு ஓரத்திலும் மெல்லிய ரீப்பர் சட்டம் அடித்து ஒரு விளிம்பு, மேலே ரப்பர் மேட் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

இறங்கி நிற்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. டைல்ஸ் தரையானாலும் பழைய சிவப்புத் தரையானாலும் நாய்க்கு அது வழுக்குப் பாறைதான். பத்தமடைப் பாயை விரித்துவைத்த ஒரு வீட்டில், நாய் பாயோடு சேர்ந்து சறுக்கி எதிர்ச் சுவரில் மோதியது. கோரைப் பாய் வேண்டாம், அடியில் ரப்பர் உள்ள கயிற்று விரிப்பு போடுங்கள், மூன்றடி நீளமாவது இருக்கட்டும். பாத விரல்களுக்கு நடுவே வளரும் முடியையும் நறுக்கிவிடுங்கள், ஷிட்சூவுக்குக் கண்ணை மறைக்கும் முடியையும் சேர்த்து. நகம் தரையில் டிக் டிக் என்று கேட்டால் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

படி செய்துவைத்த அன்றே நாய் அதில் இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். பலகையை இரண்டு நாள் தரையிலேயே கிடத்தி, வேகவைத்த கோழித் துணுக்கு போட்டு அதன்மேல் நடக்கவிடுங்கள், அப்புறம் ஒரு முனைக்குக் கீழே ஒரு செங்கல், அடுத்து இரண்டு, கடைசியில் சோபா. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழல் ஏற்கெனவே மெலிவு, மார்புப் பட்டை போட்டுக் கூட்டுங்கள். ஏறப் பழக்குவதைவிட இறங்கப் பழக்குவதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். சோபாவின் மற்ற பக்கங்களைத் தலையணை, ஸ்டூல் வைத்து அடைத்து, படி இருக்கும் இடம் மட்டுமே வழி என்று ஆக்குங்கள்.

அப்புறம் பெல். அமைதியாக இருக்கும் நாய் படியில்தான் இறங்கும், பால்காரர் பெல் அடித்தால் படி ஞாபகம் இருக்காது. என்னிடம் வந்த முறிவுகளில் பாதிக்கு மேல் கதை பெல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் பெல்லையே வைத்துப் பழக்குங்கள்: ஒருவர் வெளியே நின்று பெல் அடிக்க, இன்னொருவர் படியின் அடியில் கோழித் துணுக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம், தினம் ஐந்து தடவை. கடையநல்லூர் அண்ணாச்சி ஒருவர் வீட்டில் இப்போது பெல் அடித்தால் நாய் வாசலுக்கு ஓடுவதில்லை, படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எட்டு மாதம் ஆகாத குட்டியைச் சோபாவில் தனியாக விடவே வேண்டாம், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயசு. தூக்குவதானால் ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இறக்கும்போது நாலு பாதமும் தரையில் பட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கடைசி ஒரு சாணில் துள்ளும், அங்கேதான் நழுவும். லீவுக்கு வந்த பிள்ளைகளிடம் நின்றுகொண்டே நாயைக் கொடுக்காதீர்கள். பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும், நாய் மடிக்கு வரும். நாயின் எடையையும் பாருங்கள். இரண்டு கிலோ இருக்க வேண்டிய நாயில் முந்நூறு கிராம் கூடினால், அறுபது கிலோ ஆள் ஒன்பது கிலோ சுமையோடு குதிப்பதற்குச் சமம்.

அடிபட்டுவிட்டால் வீட்டிலிருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், கல்லீரலும் குடலும் கிட்னியும் போய்விடும். எண்ணெய் தேய்த்து நீவவும் கூடாது. பின்னங்கால் தள்ளாடினால், பாதம் மடிந்து மேல்பக்கம் தரையில் இழுபட்டால், அது காலை வரை காத்திருக்கிற கேஸ் இல்லை, உடனே கிளம்புங்கள்.

ஆரியங்காவிலிருந்து ஒரு சேச்சி அப்படித்தான் போன் பண்ணினார். ஐந்து வயசு டாஷண்ட், கட்டிலிலிருந்து இறங்கியது, பின்பக்கம் ஆடுகிறது. மடியில் வைத்துத் தூக்கி வராதீர்கள், வீட்டில் தட்டையான பலகை எதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு உட்காரும் மணைப்பலகை இருந்தது. அதன்மேல் போர்வை விரித்து, நாயைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுத்து, ஆட்டோவில் புளியரை எஸ் வளைவு முழுக்க அந்தப் பலகையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி வந்தார். பின்கால் விரலைக் கிள்ளியபோது நாய் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, உணர்வு போகவில்லை. மருந்தும் ஆறு வாரம் கூண்டு ஓய்வும் சொன்னேன், கூண்டு என்றால் திரும்பிப் படுக்க மட்டும் இடம், பாத்ரூமுக்கு மட்டும் வெளியே. சேச்சி ஒரு நாள்கூட இரக்கப்பட்டுத் திறந்துவிடவில்லை. இப்போது நடக்கிறது, ரப்பர் மரப் பலகையில் செய்த சரிவில் ஏறி இறங்குகிறது. வலது பின்கால் நகம் மட்டும் தரையில் லேசாக உரசுகிறது. அந்தச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று சேச்சி வாரம் ஒரு தடவை போன் பண்ணிச் சொல்கிறார்.